எல்இடி விளக்குக்குக் குறைந்த செலவில் சர்க்யூட் போர்டு வடிவமைப்பது எப்படி?

வீட்டிலேயே செய்யும் எல்இடி விளக்கில் போர்டுக்கு ஆகும் செலவு, கணினியில் ஒரு கோடு இழுப்பதற்கு முன்பே பாதி தீர்மானமாகிவிடுகிறது. பல தயாரிப்பாளர்கள் மிகக் குறைந்த விலைக்குத் தருவது ஒரே வகைப் போர்டுதான்: 100 × 100 மி.மீ.க்குள் அளவு, இரண்டு அடுக்கு, 1.6 மி.மீ. தடிமன், 1 அவுன்ஸ் காப்பர் (சுமார் 0.035 மி.மீ. தடிமன்), எஃப்ஆர்4 எனும் கண்ணாடி இழைப் பலகை. அளவு 101 மி.மீ. ஆனாலே விலை அடுத்த படிக்குத் தாவலாம். ஆகவே முதலில் 100 × 100 சதுரத்தைப் போட்டுவிட்டு அதற்குள் விளக்கை அடக்கப் பாருங்கள். பெரிய விளக்கு வேண்டுமானால் அதே போர்டுகளை வரிசையாக இணைத்துக்கொள்ளலாம். குறைந்தபட்ச ஆர்டரே பெரும்பாலும் ஐந்து போர்டு என்பதால் மிச்சமும் வீணாகாது.

எல்இடி என்றாலே அலுமினியம் போர்டு வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1 வாட், 3 வாட் எல்இடிகளை நெருக்கி வைத்தால் அது உண்மைதான். 2835 அளவில் (2.8 × 3.5 மி.மீ.) வரும் 0.2 வாட் எல்இடிகளைப் பரவலாக வைத்து, 60 மில்லிஆம்பியர் தாங்குவதை 40-இல் ஓட்டினால் எஃப்ஆர்4 போதும். மின்னோட்டம் குறையும்போது வெப்பம் குறைகிறது, ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சம் சற்றுக் கூடுகிறது, ஆயுளும் நீள்கிறது. எல்இடி எண்ணிக்கை கூடும், ஆனால் அவை மலிவான பாகங்கள்தான்.

வெப்பத்தை ஒரு வரியில் கணக்கிடலாம். காற்றாடி இல்லாத தட்டையான பரப்பு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 10 வாட்டைக் காற்றில் விடும். நம் போர்டின் ஒரு பக்கம் 0.01 சதுர மீட்டர், அதாவது டிகிரிக்கு 0.1 வாட். போர்டு 4 வாட் எடுத்து, அதில் 2.7 வாட் வெப்பமாக மாறினால், ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும்போது அறை வெப்பத்தைவிட 27 டிகிரி ஏறும். இரு பக்கமும் திறந்திருந்தால் அதில் பாதி. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இந்தக் கணக்கு செல்லாது. பெட்டியின் மேலும் கீழும் துளை விடுங்கள்.

எத்தனை எல்இடி, எந்த ரெசிஸ்டர்?

மின்சப்ளைக்கு 24 வோல்ட் டிசி அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாக இந்தப் போர்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். தனிமைப்படுத்தப்பட்ட, தரச்சான்று பெற்ற அடாப்டரைவிட மலிவாகவும் பாதுகாப்பாகவும் அதை நாமே செய்ய முடியாது.

வெள்ளை எல்இடி ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட். 24 வோல்ட்டில் எட்டைத் தொடராக வைத்தால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டருக்கு மிச்சம் எதுவும் இல்லை. ஏழு வைக்கலாம் என்று தோன்றும், மின்சாரமும் வீணாகாது. ஆனால் கைக்கு வரும் எல்இடிகள் 2.9 முதல் 3.2 வோல்ட் வரை வேறுபடும். ஏழுக்கு 75 ஓம் ரெசிஸ்டர் போட்டால், எல்லாம் 2.9 ஆக அமைந்த வரிசையில் 49 மில்லிஆம்பியரும் 3.2 ஆக அமைந்த வரிசையில் வெறும் 21-ம் ஓடும். ஒரு வரிசை பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் இருக்கும். ஆறு எல்இடிக்கு 150 ஓம் போட்டால் அதே வேறுபாடு 44-க்கும் 32-க்கும் இடையே அடங்கிவிடும். ரெசிஸ்டரில் கால் பங்கு சக்தி வீணாகிறதுதான். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தனி ஐசியும் அதைச் சுற்றிய பாகங்களும் போடாமல் தப்பிப்பதற்கு, சிறிய விளக்கில் இது தரத்தக்க விலை.

ஆக ஒரு போர்டில் ஆறு எல்இடி கொண்ட வரிசை நான்கு: 24 எல்இடி, 160 மில்லிஆம்பியர், சுமார் 3.8 வாட். 150 ஓம் ரெசிஸ்டரில் 0.24 வாட் எரிகிறது. 1206 அளவு ரெசிஸ்டரின் வழக்கமான தாங்குதிறனே 0.25 வாட்தான் என்பதால் ஒன்றை மட்டும் போட்டால் விளிம்பில் நிற்கும். 75 ஓம் இரண்டைத் தொடராகப் போடுங்கள். நான்கு வரிசைக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் போட்டுச் சிக்கனம் பிடிப்பது தவறு. எந்த வரிசைக்கு வோல்ட் குறைவோ அது அதிகம் இழுக்கும், சூடாகும், சூட்டில் அதன் வோல்ட் மேலும் இறங்கி இன்னும் அதிகம் இழுக்கும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமானால் ஏஓ3400 போன்ற 30 வோல்ட் லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் (மைக்ரோகண்ட்ரோலரின் சிறு மின்னழுத்தத்திலேயே இயங்கும் மின்னணு சுவிட்ச்) ஒன்று போதும். அதன் கட்டுப்பாட்டு முனையான கேட்டில் 100 ஓம் தொடராகவும், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓமும் வையுங்கள். அந்த 10 கிலோஓம் இல்லாவிட்டால், மைக்ரோகண்ட்ரோலர் தயாராவதற்குள் விளக்கு தானாக எரியலாம்.

காப்பரை வரைவது

போர்டு வரையும் மென்பொருளான கீகேட் இலவசம், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். ஸ்கீமாட்டிக் (சர்க்யூட் வரைபடம்) முடிந்ததும் எல்இடி ஃபுட்பிரிண்டை (போர்டில் அது உட்காரும் காப்பர் அமைப்பை) உங்கள் எல்இடியின் டேட்டாஷீட்டோடு ஒப்பிடுங்கள். 2835-இல் ஒரு பேட் (பற்றவைக்கும் காப்பர் இடம்) பெரிதாக இருக்கும், வெப்பம் முக்கியமாக அதன் வழியாகத்தான் இறங்கும். அது ஆனோடா (பிளஸ் முனை) கேத்தோடா (மைனஸ் முனை) என்பதைப் பார்வையால் ஊகிக்காதீர்கள். தலைகீழாக வந்த ஒரு ஃபுட்பிரிண்ட் 24 எல்இடியையும் ஒரே அடியில் திருப்பிவிடும்.

எல்இடிகளை மெல்லிய ட்ராக்கால் (காப்பர் கோட்டால்) இணைக்காமல், ஒவ்வோர் இணைப்பையும் அகலமான காப்பர் பரப்பாக நிரப்புங்கள். முன்பக்கம் முழுவதும் 0.3 மி.மீ. இடைவெளி விட்ட காப்பர் தீவுகளாக இருக்கட்டும். பேட் இணைப்பை 'சாலிட்' (காப்பர் பரப்போடு இடைவெளியின்றி முழுதும் ஒட்டியது) என்று வைத்தால் வெப்பம் நன்றாகப் பரவும், ஆனால் சால்டரிங் அயர்னால் பற்றவைப்பது சிரமம். ஹாட் பிளேட் வைத்திருப்பவர்கள் தயங்காமல் சாலிட் வைக்கலாம்.

பின்பக்கத்துக்கு வெப்பத்தைக் கடத்த 0.3 மி.மீ. வயாக்கள் (இரு பக்கக் காப்பரையும் இணைக்கும், உட்புறம் காப்பர் பூசிய துளைகள்) உதவும். இங்கேதான் அடிக்கடி சறுக்குவார்கள். பின்பக்கம் முழுவதையும் ஒரே கிரவுண்டாக நிரப்பி, எல்லா எல்இடியின் பேட்டிலிருந்தும் அதற்கு வயா போட நினைப்பார்கள். அப்படிச் செய்தால் வரிசை முழுதும் ஷார்ட். தொடரில் உள்ள ஒவ்வோர் இணைப்பும் வேறு வேறு மின்னழுத்தத்தில் இருப்பதால், முன்பக்கத் தீவுகளையே பின்பக்கமும் பிரதியெடுக்க வேண்டும். வயாவைப் பேட்டின் மேலேயே வைக்காமல் ஓரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் உருகிய சால்டரைத் துளை உறிஞ்சிக்கொள்ளும்.

போர்டுகளைச் சங்கிலியாக இணைப்பதானால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் பிளஸ், மைனஸ் ட்ராக்குகள் 5 மி.மீ. அகலம் இருக்கட்டும். 1 அவுன்ஸ் காப்பரில் 100 மி.மீ. நீளமும் 1 மி.மீ. அகலமும் உள்ள ட்ராக்கின் தடை ஏறத்தாழ 0.05 ஓம். எட்டுப் போர்டுச் சங்கிலியில் போகவர அப்படிப்பட்ட ட்ராக் இருந்தால், கடைசிப் போர்டுக்குள் சுமார் 0.6 வோல்ட் கரைந்துவிடும். ரெசிஸ்டருக்கு இருப்பதே 6 வோல்ட் என்பதால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்கு குறையும். 5 மி.மீ. ஆக்கினால் இழப்பு 0.12 வோல்ட்டுக்குள் நிற்கும், செலவும் கூடாது.

எம்3 திருகுக்கு 3.2 மி.மீ. துளை, அதைச் சுற்றி 7 மி.மீ. விட்டத்துக்குக் காப்பர் இல்லாத வட்டம். சால்டர் மாஸ்க் (காப்பரை மூடும் வண்ணப் பூச்சு) திருகின் தலை உரசிப் பெயரும் அளவுக்கு மெல்லியது. மாஸ்க் வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும், கூடுதல் கட்டணம் கேட்டால் பச்சையே போதும். டிஃப்யூசரை (வெளிச்சத்தைப் பரப்பும் மூடியை) எல்இடிகளுக்கு இடையே உள்ள தூரம் அளவுக்காவது தள்ளி வையுங்கள், கிட்டே வந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஆர்டர் செய்வதற்கு முன் டிஆர்சி (வடிவமைப்பு விதிகளைச் சரிபார்க்கும் சோதனை) ஓட்டுங்கள். பிறகு 1:1 அளவில் தாளில் அச்சிட்டு, பாகங்களை அதன் மேல் வைத்துப் பாருங்கள். தயாரிப்பாளருக்கு அனுப்பும் கெர்பர் கோப்புகளோடு (ஒவ்வோர் அடுக்கின் படம்) துளைகளுக்கான டிரில் கோப்பும், போர்டு விளிம்பு அடுக்கும் இருக்கின்றனவா என்று கெர்பர் வியூவரில் திறந்து சரிபாருங்கள். பல நேரம் அனுப்பும் கட்டணம் போர்டு விலையையே தாண்டும், ஆகவே மனதில் உள்ள மற்ற போர்டுகளையும் ஒரே ஆர்டரில் சேருங்கள்.

பற்றவைத்துச் சோதிப்பது

138 டிகிரியில் உருகும் பிஸ்மத் கலந்த சால்டர் பேஸ்ட், எல்இடியின் பிளாஸ்டிக் உடலை அதிகம் வாட்டாது. ட்வீசரால் எல்இடியை ஓரத்தில் பிடியுங்கள். மேலே உள்ள மஞ்சள் சிலிகானை அழுத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்துவிடும்.

முதல் முறை, அடாப்டருக்குப் பதில் கரண்ட் லிமிட் உள்ள பவர் சப்ளையில் 24 வோல்ட், 200 மில்லிஆம்பியர் வைத்து மின்சாரம் கொடுங்கள். ஒயரை அறுக்காமலே மின்னோட்டத்தைத் தெரிந்துகொள்ள, ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு ரெசிஸ்டருக்கும் குறுக்கே வோல்ட் பாருங்கள். 6 வோல்ட் என்றால் 40 மில்லிஆம்பியர். சூடேறியதும் அது சற்று உயர்வது இயல்பு, 7 வோல்ட் வந்தாலும் 47-தான். 8.5-ஐ ஒட்டி வந்தால் ஏதோ ஓர் எல்இடி சால்டரால் ஷார்ட் ஆகியிருக்கிறது, அது எரியாமல் நிற்பதை வைத்தே கண்டுபிடிக்கலாம். 0 வோல்ட் வந்து வரிசை முழுதும் இருண்டிருந்தால் இணைப்பு விட்டிருக்கும், அல்லது ஓர் எல்இடி திரும்பியிருக்கும். திரும்பிய எல்இடியைச் சரியாக வைத்து மறுபடி பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள். வழக்கமாக 5 வோல்ட் மட்டுமே தலைகீழாகத் தாங்கக்கூடியது, கிட்டத்தட்ட முழு 24 வோல்ட்டையும் வாங்கியிருக்கும்.