ஒரே மைக், நாலு பேர்

தனித்தனி மைக் வைத்துப் பதிந்தபோது டிரம்ஸ் சத்தம் எல்லாவற்றிலும் புகுந்து எங்கள் பாட்டைக் கெடுத்தது. அப்போதுதான் கனடாவின் கவ்பாய் ஜங்கீஸ் இசைக்குழுவினர் நினைவுக்கு வந்தார்கள். 1987 நவம்பரில், டொராண்டோவின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில், ஒற்றை மைக்கைச் சுற்றி நின்று ஒரு ஆல்பத்தையே பதிந்தவர்கள்!

சரி என்று நாங்களும் ஹால் நடுவில் ஒரே மைக் வைத்தோம். டிரம்ஸைப் பின்சுவர் வரை தள்ளினோம். கிட்டாரை ஓரடி முன்னால், பிறகு அரையடி பின்னால். இப்படி நகர்த்துவதுதான் இங்கே மிக்ஸிங், அதாவது ஒவ்வொரு ஒலியின் அளவையும் சமன்செய்வது. பதிந்தபின் தனியாக எதையும் கூட்டிக் குறைக்க முடியாது. முதல் பாட்டுக்கே மூன்று மணி நேரம் ஆனது.

ஆனாலும் பாடகியின் குரல் அமுங்கியது. கவ்பாய் ஜங்கீஸ் தங்கள் பாடகி மார்கோ டிம்மின்ஸின் குரலை ஸ்பீக்கர் வழியாக விட்டு, அந்த ஒலியைத்தான் மைக்கில் பிடித்தார்கள். நாங்களும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மைக்குக்கு எதிரே வைத்தோம். குரல் தெளிவாக மேலே வந்தது.