டூரிங் பைக்குக்கு சாமான் பூட்டேக்க விடுற பிழையள் (நான் விட்டதும் சேர்த்துத்தான்)

போன ஞாயிறு விடியக்காலமை கொழும்பு மரைன் டிரைவில பிளேன்டி குடிச்சுக்கொண்டு நிண்டனான், ஒரு பெடியன் டொமினார் ஒண்டில வந்து பக்கத்தில நிப்பாட்டினான். இருபத்திரண்டு வயசு இருக்கும். பைக் ரெண்டாங்கை, ஆனா பூட்டியிருந்த சாமான் எல்லாம் புதுசு. முன்னுக்கு ரெண்டு எல்ஈடி லைட், உயரமான விண்ட் ஸ்கிரீன், ஹேண்டிலை உயர்த்திற ரைசர், பின்னுக்கு பெரிய பொக்ஸ். அடுத்த மாசம் யாழ்ப்பாணம் ஓடப்போறானாம். நல்லா இருக்கு தம்பி எண்டு சொல்லிப்போட்டு சும்மா குனிஞ்சு பாத்தன். லைட்டுக்குப் போற வயரை ஸ்டீரிங் கழுத்தடியில கறுப்பு டேப்பால சுத்தி, நீலக்கலர் பிளாஸ்டிக் கிளிப் ஒண்டால ஹெட்லைட் வயரில கடிக்க விட்டிருக்கு. எனக்கு வயித்துக்க ஏதோ செய்துது. அதே கிளிப், அதே இடம், 2017ல என்ட பல்சர் 220லயும் இருந்தது.

அதிலயே நிண்டு அவனோட அரை மணித்தியாலம் கதைச்சன், டீ ஆறிப்போச்சு. கதைச்சதை அப்பிடியே இஞ்ச எழுதுறன். ஒயில் மாத்துங்கோ, செயினைக் கழுவுங்கோ எண்ட கதை இதில இல்லை, அது தெரியாதவை சாமான் வாங்கப் போகாம முதல்ல அதைப் பழகட்டும்.

வடிவுக்கு முதல் காசு, வசதிக்கு மிச்சக் காசு

எல்லாரும் இப்பிடித்தான் தொடங்கிறது, நானும் அப்பிடித்தான். சாமான் கடையள் நிறைஞ்ச பஞ்சிகாவத்தைக்குள்ள கையில காசோட போனா பைக்குக்கு என்ன தேவை எண்டது மறந்துபோகும், கண்ணுக்கு என்ன பிடிக்குதோ அதுதான் பைக்கில ஏறும். ஆனா ஒரு சதமும் செலவழிக்காம செய்யக்கூடிய வேலை எவ்வளவோ கிடக்கு. பின் ஷொக்கில ப்ரீலோட் (ஸ்பிரிங் இறுக்கம்) திருப்புற வளையம் இருக்கு, அதைத் திருப்புற சாவி பைக்கோட வந்த டூல் பையிலயே இருக்கும், ஆனா அதைத் தொட்டவன் பத்தில ஒருத்தன் இருந்தா பெரிய விசயம். நீங்களும் சாமானும் ஏறி இருக்கேக்க ஷொக் தன்ட முழு ஓட்டத்தில மூண்டில ஒரு பங்கு மட்டும் இறங்கிற மாதிரி வச்சுப் பாருங்கோ, நாரிநோ எண்டு சீட் மாத்தப் போற பாதிப்பேருக்கு அதோட அலுவல் முடிஞ்சிடும். பின்னுக்கு ஆளும் பொக்ஸும் ஏறினாப் பிறகு ஹெட்லைட் தென்னமரத்து வட்டைப் பாக்கிறதும் இதாலதான்.

பிறகு வேகம். எங்களை ஹைவேக்குள்ள விடுறதே இல்லை. கண்டி றோட்டில கடவத்தை தாண்டுறதுக்குள்ள எத்தினை பஸ்ஸுக்குப் பின்னால நிக்கோணும் எண்டு உங்களுக்கே தெரியும். இந்த லட்சணத்தில டொப் ஸ்பீட் 10 கூடினால் என்ன, குறைஞ்சால் என்ன? பெர்ஃபோமன்ஸுக்கு எண்டு காசு வச்சிருந்தா முதல்ல பிரேக்குக்குப் போடுங்கோ. நல்ல பேட், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா புது பிரேக் ஒயில். படத்தில தெரியாது எண்டதாலதான் ஒருத்தரும் செய்யிறதில்லை.

தடிச்ச டயர்

பல்சர் 220க்கு கொம்பனி போட்ட பின் டயர் 120/80 (முதல் நம்பர்தான் அகலம், மில்லிமீட்டரில). பெடியள் போடுறது 140/70. பின்னால நிண்டு பாக்க பைக் பெருசாத்தான் தெரியும், அதில பொய் இல்லை. ஆனா ரிம் அதே பழைய ரிம். ஒடுக்கமான ரிம்மில அகல டயரை ஏத்தினா ரெண்டு பக்கமும் நெரிபட்டு நடு முதுகு மேல தள்ளும், கூடக் கிடைக்கும் எண்டு காசு குடுத்த பிடிமானம் கிடைக்காது. நேர் றோட்டில விளங்காது. கடுகண்ணாவ ஏத்தத்தில ஒரு வளைவில சரிச்சு மற்ற வளைவுக்கு நிமித்தேக்கதான் தெரியும், முந்தி தானா விழுந்த பைக்கை இப்ப தள்ளி விழுத்த வேண்டிக்கிடக்கும். பெற்றோலும் கூடக் குடிக்கும். அதே அளவில நல்ல ரப்பர் டயரா வாங்குங்கோ, காணும்.

பியூஸ் போகுது எண்டு பெரிய பியூஸ் போடுறது

இதுக்குத்தான் இவ்வளவும் எழுத வெளிக்கிட்டனான்.

2017 ஆவணி, நல்லூர்த் திருவிழாவுக்கு பைக்கில போற பிளான். ராவோட்டத்துக்கு வெளிச்சம் காணாது எண்டு ரெண்டு எல்ஈடி லைட் வாங்கினன், ஒண்டு 40 வாட் எண்டு பெட்டியில போட்டிருந்தது. ஒரு கராஜில முக்கால் மணித்தியாலத்தில பூட்டித் தந்திட்டினம். ரிலே போடேல்லையா எண்டு கேட்டனான், "அவுலக் நே மல்லி" (பிரச்சினை இல்லை தம்பி) எண்டு ஒரு சிரிப்பு. எனக்கு அப்ப ரிலே (சின்னக் கரண்டால பெரிய கரண்டைப் போட்டு நிப்பாட்டுற சுவிட்ச்) எண்டா என்ன எண்டும் வடிவாத் தெரியாது, எங்கயோ கேட்ட சொல்லு, அதாலதான் அதுக்கு மேல வாய் திறக்கேல்லை.

கணக்கு இவ்வளவுதான். ரெண்டு லைட்டும் 80 வாட், 12 வோல்ட்டால பிரிச்சா கிட்டத்தட்ட 7 ஆம்பியர். ஏற்கனவே அந்த வயரில ஓடுற ஹெட்லைட் 55 வாட், அது ஒரு நாலரை. நாலரைக்கு எண்டு போட்ட மெல்லிசு வயரிலயும் சுவிட்சிலயும் பதினொண்டுக்கு மேல ஓட விட்டிருக்கு. வயர் சுடும். சுடுறது வெளிய தெரியாது, ஏனெண்டா மேல டேப்.

ரெண்டு நாள் கழிச்சு கொள்ளுப்பிட்டிச் சந்தியில பிரேக்கையும் பிடிச்சு ஹோனையும் அடிக்க மெயின் பியூஸ் போச்சு. புதுசு போட்டன். அடுத்த கிழமை பம்பலப்பிட்டியில திரும்பவும் போச்சு. ரெண்டு தரம் பியூஸ் என்ட முகத்துக்கு நேர சொல்லியிருக்கு, நான் என்ன செய்தன் எண்டா, இந்த 15 ஆம்பியர் பியூஸ் சரியில்லை எண்டு முடிவெடுத்து 30 ஒண்டைச் செருகினன். கராஜ்காரன் இல்லை, நானே என்ட கையால செருகினன். அதுக்குப் பிறகு போகேல்லை. நல்ல சந்தோசம்.

பியூஸ் இருக்கிறது லைட்டைக் காப்பாத்த இல்லை, வயரைக் காப்பாத்த. வயர் தாங்கிறதுக்கு மேல கரண்ட் வந்தா வயருக்கு முதல் தான் எரிஞ்சுபோறதுதான் அதின்ட வேலை. அதின்ட இடத்தில இரட்டிப்பு அளவில ஒண்டைப் போட்டா, எரிய வேண்டிய முறை வயருக்கு வரும்.

வந்தது. புத்தளம் தாண்டி அநுராதபுரம் போற றோட்டில கருவலகஸ்வெவ பக்கம், ராத்திரி எட்டு எட்டரை. முதல்ல மீட்டர் லைட் மங்கிச்சு. பிறகு பிளாஸ்டிக் எரியிற மணம், நான் எங்கயோ குப்பை எரிக்கினம் எண்டு நினைச்சன். பிறகு டேங்குக்கு முன்னால இருந்து வெள்ளையா புகை, அடுத்த செக்கனில எல்லாம் இருட்டு, என்ஜினும் நிண்டுபோச்சு. ஹேண்டில் திருப்பத் திருப்ப கழுத்தடியில வயர்த் தோல் தேய்ஞ்சு பைக்கின்ட பொடியில (பிரேமில) முட்டி ஷோர்ட் ஆகியிருக்கு. 15 இருந்திருந்தா அந்த இடத்திலயே பியூஸ் போய், அஞ்சு நிமிசத்தில கண்டுபிடிச்சு டேப் சுத்திக்கொண்டு போயிருக்கலாம். 30 எண்டபடியால் அது அசையாம இருக்க வயர் உருகி, பக்கத்து வயர்களையும் உருக்கி, கைத்தடிப்பத்துக்கு ஒரே கட்டியா வந்திருந்தது. போன் வெளிச்சத்தில பாத்துக்கொண்டு நிக்கேக்க வெறும் லொறி ஒண்டு வந்து நிண்டுது, புத்தளத்து உப்பு லொறி. "இங்க நிக்காதீங்க தம்பி, ஆனை வார இடம்" எண்டு சொல்லி அந்த நானாவே பைக்கைத் தூக்கி ஏத்தினார். காசும் வாங்கேல்லை. தேர் பாக்கக் கிடைக்கேல்லை. முழு ஹார்னஸ் (வயர்க்கட்டு), சுவிட்ச், மீட்டர் எண்டு 40 ஆயிரத்துக்கு மேல போச்சு, ஒரு ரிலே அப்ப சில நூறு ரூபாதான்.

இப்ப சரியாச் செய்யிற விதம். லைட்டுக்குப் போற கரண்ட் பற்றரியில இருந்து நேர வரோணும், ஹெட்லைட் வயரில இருந்து சொட்டும் எடுக்கப்படாது. ரிலேக்கு அடியில நம்பர் அடிச்சிருக்கும்: 30க்கு பற்றரி பொசிட்டிவ், 87ல இருந்து லைட்டுக்கு, 85ம் 86ம் ரிலேயைத் தட்டி எழுப்புறதுக்கு. அந்த எழுப்புற வயரை பார்க் லைட்டில இருந்து சுவிட்ச் ஊடா எடுத்தா சாவியை நிப்பாட்ட லைட்டும் நிக்கும், எழுப்பிறதுக்கு இழுக்கிற கரண்டும் கால் ஆம்பியருக்குள்ளதான், பழைய வயருக்கு ஒரு பாரமும் இல்லை. பியூஸ் பற்றரியில இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கோணும், லைட்டடியில கொண்டுபோய் வைக்காதீங்கோ, பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையில உள்ள வயரை ஒருத்தரும் காப்பாத்த மாட்டினம். ரெண்டு 40 வாட்டுக்கு 10 ஆம்பியர் காணும். பெட்டியில 40 எண்டு போட்டு மீட்டர் வச்சா பாதியும் வராத லைட்டுகள்தான் கடையில கூட, அதை நம்பி மெல்லிசு வயர் போட்டிடாதீங்கோ.

நெகட்டிவை பெயின்ட் அடிச்ச பொடியில எங்கயாவது முறுக்காம பற்றரிக்கே கொண்டு போங்கோ. நீலக்கிளிப் வேண்டாம், அது வயரைக் கடிக்கேக்க நாலு இழையை அறுத்துப்போடும், பிறகு வெள்ளவத்தை கடல்காத்துக்கும் மழைக்கும் ஆறு மாசத்தில செம்பு பச்சை பிடிச்சிடும். கழுத்தடியில வயரைக் கொஞ்சம் தளர விட்டு, ஹேண்டிலை இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் திருப்பி எங்கயும் இழுபடுதா எண்டு பாருங்கோ. கடைசியா எல்லா லைட்டையும் போட்டு, 4000 ஆர்பிஎம்மில வச்சு பற்றரியில வோல்ட் பாருங்கோ. 14க்குக் கிட்ட நிண்டா சரி. 13க்குக் கீழ இறங்கினா உங்கட பைக்கில கரண்ட் உண்டாக்கிற மெக்னெட் கொயில் அவ்வளவு சுமைக்குக் காணாது, லைட்டைக் குறையுங்கோ.

இதை எழுதேக்கயும் கோவம் வருது, கராஜ்காரனில இல்லை.

ரைசர்

நல்ல சாமான், கையும் தோளும் ஆறும். ஆனா ஹேண்டில் உயர கேபிள்களும் முன் பிரேக் ஹோஸும் இழுபடும். பைக்கை ஸ்டார்ட் பண்ணி ஐடிலில விட்டு ஹேண்டிலை ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கோ. சத்தம் தானா ஏறினா த்ரொட்டில் கேபிள் காணாது. அந்த நிலையில ஒரு யூ டேர்ன் அடிச்சீங்கள் எண்டா பைக் உங்களைக் கேக்காம பாயும்.

சைலன்சர்

ப்ரீ ஃப்ளோ (புகை தடையில்லாமப் போற சைலன்சர்) போட்டா பவர் கூடும் எண்டு நம்பிற ஆக்கள் இன்னும் இருக்கினம். வெறும் சைலன்சரை மட்டும் மாத்தி பெற்றோல் அளவைச் சரிபண்ணாம விட்டா கலவை மெலிஞ்சு என்ஜின் சுடும், ஆக்சிலேட்டரை விடேக்க பட பட எண்டு வெடிக்கும், கீழ் இழுவையும் போகும். அந்த வெடிச்சத்தத்தைப் பவர் எண்டு நினைக்கிறதுதான் பகிடி. நான் காபரேட்டருக்கு பெரிய மெயின் ஜெட் (பெற்றோல் போற துவாரம்) போட்டு ஓடினனான், உண்மையாவே நல்லா ஓடிச்சு, 2022 வரைக்கும். பெற்றோல் தட்டுப்பாட்டில கிழமைக்கு 4 லீட்டர் எண்டு கியூஆர் கோட்டா வந்த உடன கம்பனி சைலன்சரையும் பழைய ஜெட்டையும் தேடி எடுத்துப் பூட்டினன். எமிஷனுக்கு (புகைப் பரிசோதனைக்கு) போகேக்க ஒவ்வொரு வருசமும் கழட்டிப் பூட்டுற வேலையும் அதோட மிச்சம். சத்தத்துக்குப் பொலிஸ் பிடிக்கிறது வேற கதை. பொலிஸை விடுங்கோ, எட்டு மணித்தியாலம் அந்தச் சத்தத்துக்கு மேல இருந்து பாருங்கோ.

சீட்

மெத்தையா இருந்தா சுகம் எண்டு நினைச்சு ஸ்பொஞ்சை மெதுவாக்காதீங்கோ. கடையில இருந்து பாக்க சொர்க்கம், குருணாகல் வரேக்க கீழ தகடு முட்டும். தூரத்துக்கு கொஞ்சம் இறுக்கமான ஃபோம்தான் சரி, அகலம் கூட்டலாம். கால் எட்டேல்லை எண்டு செதுக்கிறவைக்கு: எவ்வளவு செதுக்கிறீங்களோ அவ்வளவுக்கு முழங்கால் மடியும். மேல காத்துப் போற மெஷ் கவர் ஒண்டு போடுங்கோ, எங்கட புழுக்கத்துக்கு ரெக்சின் சரிவராது.

பொக்ஸ்

பாரமானது பொக்ஸுக்குள்ள போகப்படாது. பின் அச்சுக்கு அங்கால தொங்கிற ஒவ்வொரு கிலோவும் முன்சில்லைத் தூக்கும், 80 தாண்டேக்க ஹேண்டில் ஆடத் தொடங்கும். டூல்ஸ், தண்ணி எல்லாம் டேங்க் பையில. பொக்ஸுக்கு மழைக்கோட்டும் உடுப்பும்.

விண்ட் ஸ்கிரீன்

மேலால பாக்கோணும், ஊடால இல்லை. ராவில மழைக்க ஓடினவைக்கு ஏன் எண்டு தெரியும்.

கலர்

மாத்தினா ஆர்எம்வி (மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம்) குடுத்த பதிவுப் புத்தகத்திலயும் மாத்துங்கோ.

சைட் கண்ணாடி

கழட்டாதீங்கோ.

பெடியன் நேற்று படம் அனுப்பினவன். ரிலே பூட்டியாச்சாம், பியூஸும் பற்றரிக்குப் பக்கத்தில வடிவா இருக்கு, 10 ஆம்பியர். படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன், கழுத்தடியில நீலக்கிளிப் இன்னும் கிடக்கு.