ஆடம்பர எழிலோடு வீட்டை அலங்கரிப்பது எப்படி? ஒளியிலிருந்து தொடங்கும் செய்முறை

என் கூடத்தை முதன்முதலில் ஆடம்பரமாக அலங்கரிக்க முனைந்தபோது, தங்க முலாம் பூசிய சட்டங்கள், மினுமினுக்கும் மெத்தையுறைகள், பளபளக்கும் மேசை என ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினேன். அத்தனையும் வந்து சேர்ந்த பிறகும் அறையில் செழிப்பு தெரியவில்லை, நெரிசல்தான் தெரிந்தது. கூரையின் நடுவில் எரிந்த ஒற்றை வெள்ளை விளக்கு எல்லாப் பொருள்களையும் ஒரே மாதிரித் தட்டையாகக் காட்டிக்கொண்டிருந்தது என்பது வெகுநாள் கழித்தே எனக்குப் புரிந்தது.

இன்று ‘கிளாமர்’ என்று நாம் அழைக்கும் அலங்காரப் பாணி, 1930களின் ஹாலிவுட் படங்களுக்கு நிறையக் கடன்பட்டது. நிறத்தைக் காட்ட முடியாத கறுப்பு வெள்ளைப் படங்களில் செல்வச் செழிப்பைக் காட்டப் பளபளக்கும் தரை, சாட்டின் துணி, நிலைக்கண்ணாடி ஆகியவற்றின் மீது ஒளி விழும் விதத்தையே படமெடுத்தவர்கள் நம்பியிருந்தனர். ஆகவே, கீழே வரும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒளி எங்கிருந்து வருகிறது, எதன்மேல் பட்டு மின்னுகிறது, எதற்குள் அடங்குகிறது?

படி 1: ஓர் அறையை மட்டும் தேர்ந்தெடுங்கள்

வீடு முழுவதையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, சிறு பொருள்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, இருட்டிய பின் அங்கே அரை மணி நேரம் உட்காருங்கள். கண்ணைக் கூசச் செய்யும் இடம் எது, இருண்டு கிடக்கும் மூலை எது என்று குறித்துக்கொண்டு ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

படி 2: விளக்குகளை மூன்று உயரங்களில் அமையுங்கள்

இந்தப் படிக்கே அதிக நேரம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கூரையில் ஒன்று, நின்றால் கண் மட்டத்திற்கு வரும் சுவர் விளக்கு ஒன்று, உட்கார்ந்தால் தோளுக்கு அருகில் இருக்கும் மேசை விளக்கு ஒன்று என மூன்று உயரங்களிலிருந்து ஒளி வந்தால், நிழல்கள் மென்மையாகி அறைக்கு ஆழம் கிடைக்கிறது. பல்பு வாங்கும்போது வாட் எண்ணோடு நின்றுவிடாமல், உறையில் அச்சிட்டிருக்கும், ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண்ணையும் பாருங்கள். 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான இளமஞ்சள் ஒளியே இந்தப் பாணிக்கு ஏற்றது. 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் பித்தளை வெளிறிப்போகும், மரமும் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் இருந்தால், கருஞ்சிவப்பும் கரும்பச்சையும் தம் செறிவை இழக்காமல் இருக்கும்.

ஒளியைக் கூட்டிக் குறைக்க டிம்மர் பொருத்துவது பெரிய மாற்றத்தைத் தரும். ஆனால் டிம்மருக்கு ஏற்றது என்று குறிப்பிடப்பட்ட எல்இடி பல்பை மட்டுமே அதனுடன் இணையுங்கள், இல்லையேல் விளக்கு துடிக்கும்.

சரவிளக்கு வைக்க விரும்பினால் அளவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டினால் வரும் எண்ணே, அங்குலத்தில் விளக்கின் விட்டம். 14 அடிக்கு 12 அடி அறை என்றால் 26 அங்குல விளக்கு பொருந்தும். உணவு மேசைக்கு மேலே தொங்கும்போது மேசைப்பரப்புக்கும் விளக்கின் அடிக்கும் இடையே 30 முதல் 36 அங்குலமும், ஆள் நடக்கும் இடமானால் தரையிலிருந்து குறைந்தது 7 அடியும் இடைவெளி விடுங்கள். பொய்க்கூரைப் பலகை சரவிளக்கின் எடையைத் தாங்காது. அதற்கு மேலுள்ள உறுதியான கூரையில் கொக்கி அடித்து, மின்பணியாளரைக் கொண்டே மாட்டுங்கள்.

படி 3: சுவருக்கு ஆழமான நிறம், மங்கலான பூச்சு

கருநீலம், மரகதப் பச்சை, கரிச்சாம்பல் போன்ற ஆழ்ந்த நிறங்கள் ஒளியை உள்வாங்கிக்கொள்வதால், அவற்றின் முன்னால் வைக்கும் பித்தளையும் கண்ணாடியும் எடுப்பாகத் தெரிகின்றன. பளபளப்பான பூச்சு அழகுதான் என்றாலும், அது சுவரின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, மட்டமாக்கிய சுவருக்கே அது பொருந்தும் என்பதால், தொடங்குபவர்கள் பளபளப்பில்லாத மேட் பூச்சையே தேர்ந்தெடுக்கலாம். இரண்டடிச் சதுர அட்டை ஒன்றில் நிறத்தைப் பூசி, பகலிலும் விளக்கொளியிலும் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

படி 4: கண்ணாடி எதைக் காட்டப்போகிறது?

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1678 முதல் 1684 வரை கட்டப்பட்ட கண்ணாடி மண்டபத்தில், தோட்டத்தைப் பார்த்த 17 சன்னல்களுக்கு நேரெதிரே 17 வளைவுகளில் 357 கண்ணாடித் துண்டுகளைப் பதித்தார்கள். வெளிச்சத்தையும் பசுமையையும் எதிர்ச்சுவரிலிருந்தும் பெறும் ஏற்பாடு அது. உங்கள் அறையிலும் சன்னலுக்கு எதிரிலோ மேசை விளக்குக்குப் பின்னாலோ கண்ணாடி இருந்தால், ஒரே ஒளி இருமடங்காகிறது. செருப்பு அடுக்கின் எதிரே மாட்டினால் அந்தக் குவியலும் இருமடங்காகும். ஆகவே ஆணி அடிக்குமுன் ஒருவரைக் கண்ணாடியைப் பிடித்து நிற்கச் சொல்லி, நீங்கள் வழக்கமாக அமரும் இடத்திலிருந்து பாருங்கள். சுவரில் சாய்த்து வைக்கும் ஆளுயரக் கண்ணாடியை மேல்விளிம்பில் கட்டாயம் சுவரோடு பிணைக்க வேண்டும்.

படி 5: திரைச்சீலையை உயரத்திலிருந்து இறக்குங்கள்

திரைக்கம்பியைச் சன்னல் சட்டத்தின் மேலேயே மாட்டிவிட்டால் அறை குட்டையாகத் தெரியும். கூரைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே கம்பியை மாட்டி, இருபுறமும் எட்டு முதல் பத்து அங்குலம் நீட்டி, துணி தரையைத் தொடும்படி விடுங்கள். துணியின் மொத்த அகலம் கம்பி நீளத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு இருந்தால்தான் மடிப்புகள் செழிப்பாக விழும். ஐந்தடிச் சன்னலுக்கு 80 அங்குலக் கம்பி என்று கொண்டால், 160 முதல் 200 அங்குல அகலத் துணி தேவைப்படும். விலை மிகுந்த துணியைக் குறைவாக வாங்குவதைவிட எளிய துணியைத் தாராளமாக வாங்கி உள்துணி கொடுத்துத் தைப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து.

படி 6: மின்னும் பொருளுக்கு அருகில் மென்மையான துணி

வெல்வெட்டின் மேலுள்ள நுண்ணிழைகள் நிமிர்ந்து நிற்பதால், ஒரு பக்கமிருந்து பார்த்தால் ஒளிர்ந்தும் மறுபக்கமிருந்து பார்த்தால் இருண்டும் தெரியும். தைக்கும்போது எல்லாத் துண்டுகளின் இழைகளும் ஒரே திசையில் இருக்குமாறு தையற்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தவறினால் ஒரே சோபா இரண்டு நிறமாகத் தெரியும். கம்பளம் சிறிதாகிவிடுவது தொடங்குபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. சோபாவின் முன்கால்களாவது கம்பளத்தின் மீது இருக்கும் அளவில் வாங்குங்கள்.

படி 7: உலோகம் இரண்டுக்கு மேல் வேண்டாம்

பித்தளையை முதன்மையாகவும் கறுப்பு இரும்பையோ குரோமையோ துணையாகவும் வைத்துக்கொண்டு, கைப்பிடி, விளக்குத் தண்டு, படச்சட்டம் எனக் கண் படும் இடங்களில் மட்டும் வரவிடுங்கள்.

படி 8: சிறு பொருள்களை மீண்டும் கொண்டுவருதல்

முதல் படியில் வெளியே வைத்தவற்றை ஒரு நாளைக்கு ஒன்றாக உள்ளே கொண்டுவந்து, மாலை விளக்கொளியில் பாருங்கள். அறைக்கு எதையும் சேர்க்காத பொருள் வெளியிலேயே இருக்கட்டும். சுவரில் படம் மாட்டுவதானால், படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 57 அங்குல உயரத்தில் அமைந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

பராமரிப்பிலும் கவனம் தேவை. பளிங்கு கால்சியம் கார்பனேட்டால் ஆனது என்பதால் புளிப்புத் தன்மையுள்ள திரவம் பட்டாலே அதன் பளபளப்பு அரிக்கப்பட்டுவிடும். ஈரத்துணியும் மிதமான சோப்புநீருமே அதற்குப் போதும். மெருகுப்பூச்சு உள்ள பித்தளையை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடையுங்கள். சரவிளக்கின் கண்ணாடித் தொங்கல்களைத் துடைக்கும் நாளில் மின்சாரத்தை அணைத்து, பல்புகள் ஆறிய பிறகே கை வையுங்கள்.