கேட்டு மணியும் பள்ளிக்கூட மணியும் பாத்து கெளம்புங்க: நெல்லைக்குள்ள தெனமும் வண்டி ஓட்டுறவங்களுக்கு

பெருமாள்புரத்துல இருந்து டவுனுக்கு தெனமும் பைக்ல போய்ட்டு வாரேன், ஏழெட்டு கிலோமீட்டர்தான் இருக்கும். காலைல எட்டு மணிக்கு வண்டிய எடுத்தா இருவத்தஞ்சு நிமிசம், எட்டரைக்கு எடுத்தா முக்கா மணி நேரம், நடுவுல ரயில்வே கேட்டும் மூடிட்டாம்னா ஒரு மணி நேரத்துக்கு எழுதி வச்சிக்கிடலாம். அதனால குறுக்கு சந்து தேடுததுக்கு முன்னாடி ஊர்ல எந்த மணி எப்ப அடிக்குன்னு தெரிஞ்சுக்கிடுங்க, பாதி தொல்லை அதுலயே கொறஞ்சிரும்.

மொதல்ல பள்ளிக்கூட மணி. பாளையங்கோட்டைய தென்னாட்டு ஆக்ஸ்போர்டுன்னு பெருமையா சொல்லுதோம்லா, அந்த பெருமை பூராவும் காலைல எட்டேகால்ல இருந்து ஒம்பதேகால் வரைக்கும் ரோட்டுல நிக்கும். ஆட்டோ, வேன், முன்னாடி ஒண்ணு பின்னாடி ரெண்டுன்னு பிள்ளைய ஏத்திக்கிட்டு வார ஸ்கூட்டர், எல்லாம் முருகன்குறிச்சில இருந்து பாளை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணா கெடக்கும். சாய்ங்காலம் நாலு மணிக்கு மறுபடியும் அதே கூத்து. ஆபீசுல கேட்டு கால் மணி நேரம் முன்ன வந்து முன்ன போறதுக்கு வழி உண்டான்னு பாருங்க. இல்லன்னா எட்டுக்கே கெளம்பி ஆபீஸ் பக்கம் போய் டீ குடிச்சுட்டு பேப்பர் படிங்க, ரோட்டுல நின்னு பொகைய குடிக்கதுக்கு அது எவ்வளவோ மேல்.

அடுத்தது கேட்டு. குலவணிகர்புரம் கேட்டப் பத்தி தெரியாதவுக இங்க யாரும் கெடையாது. அந்தப் பக்கம் நாகர்கோவில் ரோடும் அம்பாசமுத்திரம் ரோடும் பிரியுத எடம், பாலம் வருது வருதுன்னு கேட்டு கேட்டே நமக்கு காது புளிச்சுப் போச்சு. கேட்டு மூடுனதும் என்ன நடக்குன்னு ஒரு நாள் ஓரமா நின்னு பாருங்க. மொத பத்து பைக் ஒழுங்கா எடது பக்கம் நிக்கும், பதினோராவது ஆளு வலது பக்கம் காலியா கெடக்கேன்னு அங்கன போய் நிப்பான், அவன் பின்னாடியே இன்னொருத்தன், பொறவு ஒரு ஆட்டோ. எதிர் பக்கமும் இதே கததான். ரயிலு போய் கேட்ட தூக்குனா ரெண்டு பட்டாளமும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு நிக்கும். ரயிலு போனது அர நிமிசம், இத அவுத்துவிட பத்து நிமிசம்.

நானும் அந்த பதினோராவது ஆளா இருந்தவன்தான், மறைக்க என்ன இருக்கு. ஒரு நாள் வலது பக்கம் ஏறி முன்னாடி போய் நின்னுட்டேன், கேட்டு தெறந்ததும் எதுக்க ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு போற ஆம்புலன்ஸ், எனக்கு முன்னயும் போக முடியல பின்னயும் போக முடியல. பக்கத்துல டிவிஎஸ் 50ல ரெண்டு வாழைத்தார் கட்டிக்கிட்டு நின்ன ஒரு அண்ணாச்சி என்னய பைய திரும்பி பாத்து, "ரயில்வேக்காரன் தெறந்துட்டான், நீரு மூடிட்டீரே வே"ன்னாரு. அன்னைக்கு வெச்ச சூடு, இப்ப வரைக்கும் எடது பக்கம்தான் நிக்கேன். ஆம்புலன்சுக்கு வழி விடலன்னா பத்தாயிரம் ரூவா அபராதம்ங்கதும் பொறவுதான் தெரிஞ்சுது.

இன்னொண்ணு, கேட் கீப்பர்ட்ட போய் சத்தம் போடாதீங்க. கேட்ட மூடி பூட்டுனாத்தான் ரயிலுக்கு சிக்னல் விழும். மூடப் போற நேரத்துல ஒவ்வொருத்தனா உள்ள பூந்தா அவரால பூட்ட முடியாது, ரயிலு வெளியவே நிக்கும், நமக்குத்தான் கூடுதலா லேட்டு. குனிஞ்சு வண்டிய சாய்ச்சு உள்ள நுழையுத வித்தை வேண்டவே வேண்டாம். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, தண்ணி ஒரு வாய் குடிச்சுட்டு, பேசாம நில்லுங்க.

இது புதுசா வந்த சள்ளையும் இல்ல. ஜங்ஷன்ல ஈரடுக்கு பாலம் 1973ல தெறந்தாங்க, அதுக்கு முன்னாடி டவுனுக்கு போறவுக அங்க இருந்த கேட்டுல தவம் கெடந்ததா எங்க தாத்தா சொல்லுவாரு. அதுக்கும் முன்ன தாமிரபரணிய தாண்டவே படகுதான், கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா, அதாவது தலைமை குமாஸ்தாவா இருந்த சுலோசன முதலியார் தன் கைக்காச போட்டு கட்டுன பாலம் 1843ல வந்துது. நீங்க கொக்கிரகுளத்துல ஹார்ன் அடிச்சுக்கிட்டு நிக்கது அந்தப் பாலத்துக்குத்தான், கொஞ்சம் மரியாதையா நில்லுங்க.

மதுரைல இருந்து நாகர்கோவில் போறவுக ஊருக்குள்ளயே வராதீங்க, தாழையூத்து, கேடிசி நகர், ரெட்டியார்பட்டி வழியா நாலு வழிச் சாலைல போய்ட்டே இருங்க. ஊருக்குள்ள இருக்கவங்களுக்கு வண்ணாரப்பேட்டைதான் முடிச்சு, வடக்கு பைபாஸும் தெற்கு பைபாஸும் அங்கனதான் சேருது, அங்க உள்ள மேம்பாலத்துக்கு மேலயா கீழயான்னு நூறு அடிக்கு முன்னயே முடிவு பண்ணிருங்க, கடைசி நிமிசத்துல ஒடிக்கவனாலதான் அங்க முக்காவாசி இடி.

டவுனுக்குள்ள காரக் கொண்டு போறத மறந்துருங்க. ரத வீதி நெல்லையப்பர் கோயில் தேருக்கு போட்டது, வாகையடி முக்குல ஒரு கார் ரிவர்ஸ் எடுத்தா தெக்கு ரத வீதி வரைக்கும் நிக்கும். சாய்ங்காலம் ஆனா கீழ ரத வீதில அல்வாவுக்கு வந்த கூட்டம் வேற. ஆனித் தேரோட்டம் அன்னைக்கு லீவு போட்டுட்டு வடத்தைப் பிடிச்சு இழுங்க, வேற வழி கெடையாது. தைப்பூச சமயம் திருச்செந்தூர் ரோட்டுல பச்சை வேட்டி கட்டி நடந்து போறவுக ராத்திரி பூராவும் போவாங்க, லைட்ட டிம் பண்ணி பைய போங்க.

ஹெல்மெட் போடலன்னா ஆயிரம் ரூவா, அத விடுங்க, பாளைக்குள்ள இருவது ஸ்பீடுல போறதுக்கு எதுக்குன்னு கேக்கவனுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

வீட்டுல பொம்பளையளுக்கு சாதா டவுன் பஸ்ல 2021ல இருந்து டிக்கெட்டுக்கு காசே கெடையாது, எங்க வீட்டுல ஸ்கூட்டர மூடி போட்டு வச்சாச்சு, எங்கம்மாவும் பொண்டாட்டியும் பஸ்ஸுலதான் போறாவ. வெளியூர்ல இருந்து வாரவுக ரயிலப் பாருங்க. என் கூட வேல பாக்க ஒருத்தர் கல்லிடைக்குறிச்சிலருந்து வாராரு, சீசன் டிக்கெட்டுதான். செங்கோட்டை வண்டி ஜங்ஷனுக்கு முன்னாடியே டவுன் ஸ்டேஷன்ல நிக்கும்லா, அங்கனயே எறங்கி நடந்து வந்துருவாரு. நான் வேர்த்து விறுவிறுத்து உள்ள நுழையும்போது அவரு மோர் மொளகா வச்சு கட்டிக்கொண்டு வந்த இட்லிய தின்னு முடிச்சு கை கழுவிக்கிட்டு இருப்பாரு.