1950களின் யாழ்ப்பாணத்தில் ஒரு கொலைக் கதை: வீண்பழி சுமந்தவனை எழுதுவது எப்படி?

முதன்முதலாகத் துப்பறியும் கதை எழுதுபவர்கள் கொலைகாரனிலிருந்துதான் தொடங்குவார்கள். அவனைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் சாட்சியை உருவாக்குங்கள்.

படி 1: காலம்

1956 என்று வைப்போம். கொழும்பு-யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவி ஓடத் தொடங்கிய வருடம். ஊருக்கு அதிகாரி விதானையார். 1963இல்தான் அந்த இடத்துக்குக் கிராம சேவகர் வந்தார், மாற்றி எழுதிவிடாதீர்கள்.

படி 2: சாட்சி

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். வட்டிக்குக் காசு கொடுக்கும் ஒருவர் இரவில் கொலையாகிறார். எதிர்வீட்டு ஆச்சி வேலிப் பொட்டுக்குள்ளால் (வேலி ஓட்டை வழியாக) பார்க்கிறார். அரிக்கன் லாம்பு தரையில் இருக்கிறது. வெளிச்சம் இடுப்புக்கு மேல் ஏறவில்லை. அவர் கண்டது ஒரு சாரமும் (லுங்கி), இடது காலை இழுத்து நடக்கும் நடையும்தான். ஊரில் அப்படி நடப்பவன் கந்தையா ஒருவன். விடிந்ததும் விதானையாரிடம், "எங்கட கந்தையாவைக் கண்டனான்" என்கிறார்.

ஆச்சி பொய் சொல்லவில்லை. சின்ன வயதில் கந்தையாவுக்குப் பனங்கட்டி கொடுத்து வளர்த்தவரே அவர்தான். பகைவன் சொல்லும் பழியைவிட, பாசமுள்ளவர் உண்மையென்று நம்பிச் சொல்லும் பழிதான் வாசகரை உலுக்கும். கொலைகாரன் ஏன் நொண்டினான்? பனை மட்டை வேலி பாயும்போது மட்டையின் கருக்கு (பல் போன்ற கூரான ஓரம்) அவன் காலைக் கிழித்துவிட்டது. அந்தக் காயத்தை வேறொரு காட்சியில், சாதாரணமாக, ஒரே வரியில் காட்டிவிடுங்கள்.

படி 3: தொலைந்த ஆதாரம்

அன்றிரவு கந்தையா கொழும்பிலிருந்து மெயில் வண்டியில் வந்துகொண்டிருந்தான். (யாழ்தேவியில் ஏற்றாதீர்கள், அது பகல் வண்டி.) அவனிடம் இருந்த ஒரே ஆதாரம் ரயில் டிக்கெட். அதையும் ஸ்டேஷன் வாசலில் வாங்கிக்கொண்டார்கள்.

படி 4: கோர்ட்

பொலிஸ் அடித்து வாங்கிய வாக்குமூலத்தால் அவன் மாட்டுவதாக எழுத வேண்டாம். 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டப்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது. ஆகவே எல்லாப் பாரமும் ஆச்சியின் தலையில்தான். வழக்கு ஆங்கிலத்தில் நடக்கிறது. தன் உயிரைப் பற்றிய பேச்சை கந்தையா மொழிபெயர்ப்பாளர் வாயால்தான் கேட்கிறான். கந்தையாவின் அப்புக்காத்து (வழக்கறிஞர்) எழும்பி ஒன்றே ஒன்று கேட்கட்டும்: "ஆச்சி, லாம்பு எங்க இருந்தது?"

அவருடைய பதிலை எழுதுவதற்கு முன், ஓர் இரவு முற்றத்தில் லாம்பைத் தரையில் வைத்து, தெரிந்த ஒருவரை நடக்கச் சொல்லிப் பாருங்கள். முகம் எவ்வளவு தெரிகிறதோ, அவ்வளவையும் அப்படியே எழுதுங்கள்.