புலி மாட்டை அடித்துவிட்டால் முதல் நாள் என்ன செய்வது?

மசினகுடிப் பக்கம் மாடு வளர்க்கிறவள் நான். முதுமலைக் காடும் எங்கள் மேய்ச்சல் நிலமும் ஒட்டியே கிடக்கின்றன. சாயங்காலம் ஒரு மாடு திரும்பவில்லை என்றால் என்ன செய்வது என்று புதிதாக மாடு வாங்கியவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

தேடத் தனியாகப் போகாதீர்கள். இருட்டிவிட்டால் காலைவரை பொறுங்கள். நாலைந்து பேராக, சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். புலி பெரும்பாலும் அடித்த மாட்டை உண்ணிச்செடிப் புதருக்குள் இழுத்துப் போய்விடும். இழுத்த தடம் புதருக்குள் போனால் அங்கேயே நில்லுங்கள், உள்ளே அது படுத்திருக்கலாம். தள்ளி நின்றே போட்டோ எடுத்துவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.

அவர்கள் வரும்வரை மாட்டை யாரும் தொடக்கூடாது. தொண்டையில் பல் பதிந்த இடம், கால்தடம், எந்தப் பக்கம் தின்றிருக்கிறது என்பதையெல்லாம் வைத்துத்தான் புலியா, சிறுத்தையா, செந்நாயா என்று பார்ப்பார்கள். புலி பெரும்பாலும் பின்தொடையில் ஆரம்பிக்கும். கூட்டம் கூடித் தடத்தை மிதித்துவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அப்புறம், பூச்சிமருந்து. கன்றிலிருந்து வளர்த்த மாடு கிழிந்து கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். அந்த நேரத்தில் யாராவது வந்து, "கொஞ்சம் மருந்து தூவிவிடு" என்பார்கள். கேட்காதீர்கள். 2023 செப்டம்பரில் இதே நீலகிரியில் எமரால்டு ஊர்ப் பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. மாட்டின் உடலில் விஷம் வைத்ததாக மாட்டுக்காரர் கைதானார். மாட்டை இழந்த மனிதருக்குக் கேஸும் சேர்ந்துகொண்டது. அந்த இறைச்சியைப் புலி மட்டுமா தின்னும்? மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறு கழுகுகளும் அதில்தான் வந்து இறங்கும். (சீக்கு மாட்டுக்கு ஊசி போடும்போதும் இதை நினைவில் வையுங்கள். டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து போட்ட மாடு செத்தால், அதைத் தின்னும் கழுகும் சாகும். மாடுகளுக்கு அது 2006லிருந்தே தடை. அதற்குப் பதிலாக மெலாக்சிகாம் கேளுங்கள்.)

வீடுகளை விட்டுத் தள்ளியிருந்தால் உடலை அங்கேயே விட்டுவிடச் சொல்லிக் கேளுங்கள். புலி சில நாள் திரும்பி வந்து தின்னும். புதைத்துவிட்டால் பசியோடு அடுத்த மாட்டைத் தேடும். அந்த நாட்களில் அந்தப் பக்கம் மேய்ச்சலுக்கோ விறகுக்கோ யாரும் போகக்கூடாது. வீட்டுப் பக்கம் என்றால் வனத்துறை சொல்கிறபடி செய்யுங்கள்.

ராத்திரிப் பட்டிக்கு மேலேயும் கம்பிவலை போடுங்கள், சிறுத்தை சுவரைத் தாண்டிவிடும். சுற்றிலும் புதரை வெட்டிவிடுங்கள்.

இழப்பீட்டு மனுவுக்குக் கால்நடை மருத்துவரின் சான்று, ஆதார், வங்கிப் புத்தக நகல் கேட்பார்கள். மாடு உயிரோடு இருக்கும்போதே காதுத்தோடு எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். காப்புக்காட்டுக்குள் மேயவிட்டு அடிபட்டால் இழப்பீடு வாங்குவது ரொம்பக் கஷ்டம்.