பிறை கண்ட மாலையில் தொடங்கும் மாதம்: ஏதென்ஸ் முறையில் சொந்த நிலா நாட்காட்டி

பேகன் வழிபாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், நிலா நாட்காட்டி ஒன்றை இறக்கி அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று மாதம் அது சுவரில் இருந்தது, அந்த மூன்று மாதமும் நான் வானத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு நோட்டுக்கு மாறினேன். அந்த நோட்டை எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பேகன் என்பது ஒரே மதத்தின் பெயர் அல்ல, கிறித்தவத்துக்கு முந்தைய பழைய தெய்வங்களை இன்று வணங்கும் பல மரபுகளுக்கான பொதுப் பெயர். விக்கா மரபினர் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டிக் கூடுவார்கள், அதற்கு எஸ்பாட் என்று பெயர். நான் பின்பற்றுவது பழைய கிரேக்கத் தெய்வங்களை இன்று வணங்குகிறவர்களின் முறை. பழைய கிரேக்க நகரங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாதப் பெயர்கள் இருந்தன. ஏதென்ஸின் கணக்குதான் நமக்கு நன்றாகத் தெரியும் என்பதால் இன்று பலரும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு பேனா, அழிரப்பர். மேற்கு அடிவானம் தெரிகிற ஓர் இடம். இவை போதும்.

1. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிறை தெரிவது மேற்கில், சூரியன் மறைந்து ஏறக்குறைய அரை மணி நேரத்தில். உங்கள் மொட்டைமாடியோ பால்கனியோ மேற்கைப் பார்க்கிறதா என்று ஒரு மாலை நின்று பாருங்கள். லண்டனில் எனக்குக் கிடைத்தது எங்கள் கட்டடத்தின் நான்காவது மாடிப் படிக்கட்டு ஜன்னல். இடத்தை மாற்றாதீர்கள். எந்தக் கூரைக்கு மேல் பிறை வரும் என்பது இரண்டு மூன்று மாதத்தில் பழகிவிடும்.

2. முதல் நாளைப் பிடியுங்கள்

தொடங்குகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அமாவாசை என்று காலண்டரில் போட்டிருக்கும் தேதி மாதத்தின் முதல் நாள் அல்ல. அன்று நிலா சூரியனோடு சேர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மறுநாளோ அதற்கும் அடுத்த நாளோ மாலையில் நூல் போல ஒரு கீற்று தெரிகிறதே, அதுதான் மாதப் பிறப்பு. அந்த நாளுக்கு நூமேனியா என்று பெயர். ரமலான் பிறை பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஏதென்ஸ் கணக்கில் நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. ஆகவே நோட்டில் ஒரு கட்டத்துக்கு இரண்டு ஆங்கிலத் தேதிகள் வரும்: 15 மாலை முதல் 16 மாலை வரை. கட்டத்தின் மூலையில் ‘15/16’ என்று எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

3. முப்பதாவது கட்டத்தைப் பென்சிலில் போடுங்கள்

ஓர் அமாவாசைக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 29.53 நாள். அதனால் மாதம் சில சமயம் 29 நாள், சில சமயம் 30. எது என்பது 29 நாள் முடியும் மாலை வரை தெரியாது. எனவே 29 கட்டங்களைப் பேனாவில் வரையுங்கள், முப்பதாவதைப் பென்சிலில். 29-ஆம் நாள் முடியும் மாலையில் போய்ப் பாருங்கள். பிறை தெரிந்தால் பென்சில் கட்டத்தை அழித்துவிட்டுப் புதுப் பக்கம் திருப்புங்கள். தெரியாவிட்டால் அதன்மேல் பேனா ஓட்டுங்கள்.

மேகமாக இருந்தால்? முப்பதைத் தாண்டி மாதம் போகாது. 30 நாள் முடிந்த மாலையில் வானம் மூடியிருந்தாலும் அது நூமேனியாதான். லண்டனில் எனக்கு இது அடிக்கடி நேர்கிறது. அப்படித் தொடங்கிய மாதத்துக்குப் பக்கத்தின் மேலே ‘பார்க்கவில்லை’ என்று எழுதிவைக்கிறேன். அடுத்த மாதம் கணக்கு ஒரு நாள் இடித்தால் எங்கே என்று உடனே தெரியும்.

2026-ஐ வைத்துப் பார்ப்போம். ஜூன் 15 அமாவாசை, லண்டனில் 16 மாலை பிறையை எதிர்பார்க்கலாம். அடுத்த அமாவாசை ஜூலை 14. பிறை 15 மாலை. 16-இலிருந்து 15 வரை 29 நாள், பென்சில் கட்டம் அழிகிறது. அடுத்தது ஆகஸ்ட் 12, அன்று ஸ்பெயினில் முழுச் சூரிய கிரகணமும் இருக்கிறது. ஆனால் 13 மாலை லண்டனில் பிறை தெரிவது சந்தேகம்தான். கோடை முடிகிற காலத்தில் வடக்கு நாடுகளில் இளம்பிறை அடிவானத்தை ஒட்டியே சரிந்து, சூரியன் பின்னாலேயே இறங்கிவிடும். 14 மாலை என்றால் 30 நாள். எந்த அட்டவணையும் இதை உங்கள் ஜன்னலுக்காகச் சொல்லாது.

இந்தப் பிடிவாதம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. கி.மு. 423-இல் ஏதென்ஸில் மேடையேறிய அரிஸ்டோஃபனீஸின் ‘மேகங்கள்’ நாடகத்தில் நிலாவே ஊர்மக்களுக்குப் புகார் சொல்லி அனுப்புகிறாள். மாதம் ஒரு திராக்மாவாவது (அக்காலக் கிரேக்க நாணயம்) தீப்பந்தச் செலவை அவர்களுக்கு மிச்சப்படுத்துகிறாளாம். அவர்களோ நாள் கணக்கைத் தாறுமாறாக்குகிறார்கள். விருந்து என்று நம்பி வந்த தெய்வங்கள் பசியோடு திரும்பும்போது திட்டு அவளுக்கு விழுகிறது.

4. நாள்களை நிரப்புங்கள்

எல்லாக் கட்டத்தையும் முதல் மாதமே நிரப்பாதீர்கள். மாதம் முடியும் நாள், தொடங்கும் நாள், அதற்கடுத்த நாள் என்று மூன்றைப் பிடித்தால் போதும்.

மாதத்தின் கடைசி நாள் ஹெகாட்டே என்ற பெண் தெய்வத்துக்கு. நிலா இல்லாத இரவு அது. அன்று வீட்டைப் பெருக்கி, மீந்ததைக் கழித்து, மூன்று வழிகள் கூடும் இடத்தில் அவளுக்கு உணவு வைத்தார்கள். அதற்கு தெய்ப்னோன், அதாவது இராச்சாப்பாடு என்று பெயர். அந்த உணவை ஏழைகள் எடுத்துச் சாப்பிட்டார்கள் என்பதும் அரிஸ்டோஃபனீஸின் இன்னொரு நாடகத்திலிருந்து தெரிகிறது. இன்று தெருமுனையில் முட்டையும் பூண்டும் வைத்தால் அண்டைவீட்டார் சங்கடப்படுவார்கள். அதனால் பலர் அன்று உணவு வங்கிக்குப் பொருள் கொடுக்கிறார்கள். இதில் மரபு மாறிவிட்டதாக நான் நினைக்கவில்லை. உணவு போய்ச்சேர வேண்டியவர்களிடமே சேர்கிறது.

இது 29-ஆம் நாளா 30-ஆம் நாளா என்று முன்கூட்டித் தெரியாதே என்றால், இங்கே மட்டும் காலண்டரின் அமாவாசைத் தேதியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் மாலை நூமேனியா. பூசையிடத்தில் புதுப் பூ, குந்திரிக்கப் புகை, கொஞ்சம் தேன். சமையலறை அலமாரியில் ஸெயுஸ் க்டீசியோஸ் என்ற தெய்வத்துக்கு ஒரு ஜாடி வைப்பதும் பழைய வழக்கம். அவர் வீட்டுச் சேமிப்பைக் காப்பவர். ஜாடியின் காதுகளில் வெள்ளைக் கம்பளி நூல் சுற்றி, உள்ளே சுத்தமான தண்ணீர், ஆலிவ் எண்ணெய், பலவகைக் கனிகள். நான் கனிக்குப் பதில் உலர்ந்த திராட்சையும் தானியமும் போடுகிறேன். மாதம் முழுக்க அப்படியே விட்டால் நாற்றம் பிடிக்கும், ஒரு வாரத்தில் மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் நாள் அகாதோஸ் டைமோனுக்கு, பாம்பு வடிவில் காட்டப்படும் வீட்டுக் காவலருக்கு. தண்ணீர் கலக்காத வைன் சில துளி ஊற்றுவார்கள்.

பழகிய பிறகு நான்காம் நாளை ஹெர்மெஸுக்கும் அஃப்ரோடைட்டிக்கும், ஆறை ஆர்ட்டெமிஸுக்கும், ஏழை அப்பொல்லோவுக்கும், எட்டைப் பொசெய்டோனுக்கும் எழுதிக்கொள்ளுங்கள். அப்பொல்லோவின் இலை லாரல். நம் பிரியாணியில் போடும் பிரிஞ்சி இலை அது அல்ல. பிரிஞ்சியில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், லாரலில் நடுவே ஒன்றுதான். நான் முதல் முறை இந்தியக் கடையில் வாங்கிவந்து, வீட்டில் விளக்கடியில் இலையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

5. ஆண்டைக் கட்டுங்கள்

ஏதென்ஸில் ஆண்டின் முதல் மாதம் ஹெகடோம்பையோன். கோடையின் நீண்ட பகல் நாளுக்கு, அதாவது ஜூன் 21-ஐ ஒட்டிய நாளுக்குப் பின் வரும் முதல் பிறையில் அது பிறக்கிறது. 2026-இல் மேலே சொன்ன ஜூலை 15 மாலைதான் அது. அங்கிருந்து எட்டாவது மாதம் அந்தெஸ்டீரியோன். அதன் 11, 12, 13 நாள்களில் வைன் தெய்வம் டயோனைசஸுக்கான அந்தெஸ்டீரியா விழா: முதல் நாள் வைன் ஜாடிகளைத் திறப்பது, மூன்றாம் நாள் பலதானியம் வேகவைத்த பானை. கணக்குப்படி 2027 பிப்ரவரி 17 மாலை தொடங்கும், உங்கள் பிறை ஒரு நாள் தள்ளினால் விழாவும் தள்ளும்.

பன்னிரண்டு நிலா மாதம் 354 நாள்தான். சூரிய ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் குறைவு. இதைச் சரிக்கட்டச் சில ஆண்டுகளில் ஒரு மாதத்தை இரண்டு முறை எண்ணினார்கள், பெரும்பாலும் ஆறாவதான பொசெய்டியோனை. 19 ஆண்டுக்கு 235 மாதம் என்ற கணக்கை ஏதென்ஸின் வானியலர் மெட்டோன் கி.மு. 432-இல் வெளியிட்டார், அந்த 19-இல் ஏழு ஆண்டுகளுக்கு மட்டும் தலா பதின்மூன்று மாதம். மனப்பாடம் வேண்டாம். இந்த ஜூன் நீள்பகலுக்குப் பின் வரும் முதல் அமாவாசையிலிருந்து அடுத்த ஆண்டு நீள்பகலுக்குப் பின் வரும் முதல் அமாவாசைக்கு முன்புவரை எண்ணிப் பாருங்கள். 2025 ஜூன் 25-இலிருந்து எண்ணினால் பதின்மூன்று வருகிறது, ஆகவே 2025-26-இல் இரண்டு பொசெய்டியோன். 2026-27-இலும் 2027-28-இலும் பன்னிரண்டுதான். அடுத்த இரட்டை மாதம் 2028-29-இல். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதே குறித்து வையுங்கள்.